உடம்பைத் தளர விடுய்யா!

மன அமைதியை அதட்டி மிரட்டித்தான் வரவழைக்க முடியும் என்று நம்பியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அந்த ஒருவரும் எங்கள் பாலக்கரை ஆபீசில், என் பக்கத்து சீட்டில் வந்து வாய்த்தார். மூச்சு சார் என்றால்தான் தெரியும். கடிதங்களுக்கு நம்பர் போட்டு, உறை ஒட்டி, பையில் சுமந்து போய்த் தபாலாபீசில் சேர்ப்பது அவர் வேலை. யாராவது பெருமூச்சு விட்டால், "அது மூச்சாய்யா? வயித்துலேர்ந்து விடு!" என்று பாய்வார்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இரண்டு வருஷமாக இடுப்பு வலி. ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தால், சாயங்காலம் எழுப்பி விட இரண்டு பேர் வேண்டும். தைலம் தடவியாயிற்று, மண்ணச்சநல்லூர் வைத்தியரிடம் கட்டும் போட்டாயிற்று. வலி அசைந்து கொடுக்கவில்லை.

"வலிக்குதுன்னு உடம்பை முறுக்கிக்கிட்டே இருக்கியே, பாதி வலி அதுலதான்யா! வா என்கூட" என்று மத்தியான இடைவேளையில் என்னை ரெக்கார்டு ரூமுக்கு இழுத்துப் போனார். பழைய ஃபைல் கட்டுகளைப் பரப்பி, மேலே மல்லாக்கப் படுக்க வைத்தார்.

"கண்ணை மூடு. கால் கட்டைவிரலைத் தளர விடு! விட்டாச்சா?"

"விட்டுட்டேன் சார்."

"பொய் சொல்லாதே! அது விறைச்சுக்கிட்டு என்னை முறைக்குது. இப்ப கணுக்கால்... தாடையை ஏன்யா கடிக்கிறே? அமைதியா இருய்யான்னா!"

இந்த மிரட்டலில் எவனுக்கு அமைதி வரும்? எனக்கு வந்து தொலைத்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வலி ஒழியவில்லை. ஆனால் அதோடு மல்லுக்கட்டுவதை விட்டேன். நாளடைவில் தனியாகவே படுத்துப் பழகினேன்.

அங்கேதான் வந்தது வினை. ஒருநாள் ஃபைல் எடுக்க வந்த பியூன், கைகளை மல்லாத்தி வாயைத் திறந்து கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, "நம்ம டைப்பிஸ்ட் போயிட்டாருங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினார். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி, வேலையில் இருப்பவர் செத்தால் மற்றவர்களுக்கு அரை நாள் லீவு. எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. டிபன் காரியரைத் தூக்கிக்கொண்டு பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள். நான் எழுந்து வெளியே வந்தபோது, கையில் மாலையோடு நின்ற ஹெட் கிளார்க், "இப்ப என்னய்யா அவசரம், எந்திரிச்சு வர்றதுக்கு?" என்று என் மேலேயே எரிந்து விழுந்தார். அநியாயத்தைப் பாருங்கள்!

போதாததற்கு மேனேஜர், வேலை நேரத்தில் தூங்கியதாக எனக்கு மெமோ கொடுத்தார். இடைவேளை முடிந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்ததாம்! வேலை நிரந்தரமாவதற்கு எனக்கு ஒரே ஒரு மாதம் பாக்கி. அந்த மெமோ ஃபைலில் ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூச்சு சார் மெமோவைப் பிடுங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அவன் தூங்கலை சார். வலிக்கு நான் சொல்லிக் கொடுத்த பயிற்சி அது. மெமோ கொடுக்கிறதா இருந்தா என் பேருக்குக் கொடுங்க."

"வலியைப் பத்தி உமக்கென்னய்யா தெரியும்?" என்றார் மேனேஜர்.

மூச்சு சார் அன்றுதான் குரலை இறக்கிப் பேசினார். "லாரி இடிச்சு எனக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு பதினோரு வருஷம் ஆச்சுங்க. ஒருநாள் விடாம வலிக்குது. இதைச் செஞ்சுதான் ஆபீசுக்கு வந்துக்கிட்டிருக்கேன்."

"நீர் ஒருநாள்கூட லீவு போட்டதில்லையேய்யா?"

"லீவு போட்டாலும் இதே இடுப்புதானே சார் வீட்டுல இருக்கும்?"

மேனேஜர் அவர் கையிலிருந்த மெமோவை வாங்கிக் கிழித்துப் போட்டார். என் வேலை தப்பியது.

ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் வலியைத் தினமும் அந்த மனுஷரிடம்தானே புலம்பித் தீர்த்தேன்? தனக்கும் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தால் அந்தத் தபால் பையை ஒருநாளாவது நான் தூக்கிக்கொண்டு போயிருப்பேனே.