பக்கத்து அறையில் பேசிய சமாதானம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனனும் சலவைக் கடைக்காரர் சங்கத் தலைவருமான நான் பணிவுடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமென்று நம்புகிறேன். என் நலத்தைக் கேட்காதீர்கள்.

அரசாங்கத்துக்கும் ஆயுதக் குழுவுக்கும் நடக்கும் சமாதானப் பேச்சுக்கு என்னைக் குடிமைச் சமூகப் பிரதிநிதியாக அழைத்ததும் தெருவே வாழ்த்தியது. குடிமைச் சமூகம் என்றால் யாரென்று விசாரித்தேன். துப்பாக்கி இல்லாதவர்களாம். அந்தத் தகுதி எனக்கு உண்டென்று கிளம்பிவிட்டேன். எதற்குப் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் வேனிலிருந்து இறக்கிக்கொண்டு போன உங்கள் மகன் யாரிடம் இருக்கிறான் என்று இரு தரப்பையும் நேருக்கு நேர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேச்சு நடந்தது பெரிய அறையில், எங்களை உட்காரவைத்தது பக்கத்து அறையில். நடுவில் பூட்டிய கதவு, எங்கள் பக்கம் பிஸ்கட். எல்லாரும் சேர்ந்து ஒரே வரியில் கோரிக்கை எழுதித் தந்தால் உள்ளே வாசிப்பார்களாம். காணாமல் போனவர்களைப் பற்றி எழுதணும் என்றேன் நான். பஸ் முதலாளி சாலையைத் திறக்கணும் என்றார். ஆசிரியர் சங்கத்து அம்மா பள்ளிக்கூடத்தை விட்டுப் படை போகணும் என்றார். துப்பாக்கி இல்லாதவர்கள் எவ்வளவு மூர்க்கமாகச் சண்டை போடுவார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பொழுது சாயும்வரை மல்லுக்கட்டிவிட்டு, யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாமென்று, 'எல்லா மக்களின் எல்லாக் கவலைகளும் கவனிக்கப்பட வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். இரு தரப்பும் அதை அந்த நிமிஷமே ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

பிறகு கைதட்டுவதற்காக உள்ளே கூப்பிட்டார்கள். தட்டிக்கொண்டே போய் அரசாங்க அதிகாரியிடம் நம் பையனைப் பற்றிக் கேட்டேன்.

"எங்ககிட்ட இல்லைங்க. அவங்களைக் கேளுங்க."

எதிர்த்தரப்புக்காரரும் அதே மரியாதையோடு அதையே சொன்னார். அதற்குள் போட்டோவுக்கு என்னை இருவருக்கும் நடுவில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்துவிட்டேன் அத்தான். பேப்பரில் அதைப் பார்த்தால் அக்கா என்ன நினைப்பாளோ. வெட்கமாக இருக்கிறது. இனி அந்த வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று பேச்சை ஏற்பாடு செய்தவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

அக்காவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். சின்னவளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: இப்போதுதான் அங்கிருந்து போன் வந்தது. அடுத்த சுற்றுக்கும் நான் வரவேண்டுமாம், ஆனால் அந்தக் கேள்வி மட்டும் கூடாதாம். சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். போய்க் கேட்பேன். வேறு எங்கே போய்க் கேட்பது, அத்தான்?