எட்டு பிளைண்டும் மாக்ரெட்டின் முழங்காலும்

கொட்டாஞ்சேனை,
வியாழன், காலை.

அன்பு மச்சான் பிறெடிக்கு,

வெள்ளவத்தையில் நீரும் நிஷாந்தினியும் சுகமாய் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் சுகம், உம்முடைய அக்கா மாக்ரெட்டின் முழங்காலைத் தவிர. ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாம், இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர். இந்த வீட்டில் போனில் கதைத்தால் குசினிக்குக் கேட்கும். வட்ஸ்அப்பில் எழுதினால் உமக்கு முதல் மாக்ரெட் வாசித்துவிடுவாள். ஆகவே கடிதம். பத்திரிகையால் மூடி மூடித்தான் எழுதுகிறேன். அவள் வருகிறாளோ என்று இதுவரை ஐந்து தரம் எழும்பி நடந்துவிட்டேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தட்டு வீடு காலியாகிவிட்டது. நாங்கள் இருப்பது நாலாம் மாடி, லிப்ட் கிடையாது. மாக்ரெட் முழங்கால் நோகிறது என்று எட்டு மாதமாகப் படி இறங்கவில்லை. ஞாயிறு பூசையைக்கூட போனில்தான் பார்க்கிறாள். குருவானவர் ஆசீர்வாதம் கொடுக்கும்போது போனைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் முழந்தாளிட முடியாமல் கதிரையில் இருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆகவே அந்த வீட்டைக் கேட்டேன். கேட்டது நான் மட்டும் இல்லை. இரண்டாம் மாடி ஹாஷிம், துணிக்கடைக்காரர், அவரும் கேட்டார். மூன்றாம் மாடி றேணுகா, வங்கியில் வேலை செய்யும் பிள்ளை, இரட்டைக் குழந்தைகளை இடுப்புக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு ஏறி இறங்குகிறவள், அவளும் கேட்டாள். கட்டடச் சொந்தக்காரர் யேசுரட்ணம் இருபது வருடம் கப்பலில் வேலை செய்தவர். கப்பலில் அவர் கற்ற ஒரே கலை போக்கர். திரும்பி வந்தபிறகு கூட விளையாட ஆள் இல்லாமல் ஏங்கிக்கொண்டிருந்த மனுசனுக்கு நாங்கள் மூன்று பேரும் வலியப் போய் அகப்பட்டோம். "சண்டை வேணாம். ஞாயிறு பின்நேரம் கராஜில ஒரு டோர்னமென்ட் வைப்பம். காசு இல்ல, சிப்ஸ் மட்டும். கடைசியா மிஞ்சிற ஆளுக்கு வீடு," என்றார்.

முன்னூற்றுநாலு தவிர வேறு சீட்டு எங்கள் ஒருவருக்கும் தெரியாது. நான் கணித ஆசிரியன் அல்லவா, இரண்டு கிழமை யூடியூப் பார்த்தேன், கொப்பியில் எழுதினேன், பிடித்துக்கொண்டேன். அப்போது றேணுகா வந்து, "சேர், எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்ல, ஒருக்காச் சொல்லித் தருவீங்களா?" என்றாள். முப்பத்துநாலு வருடம் படிப்பித்தவனிடம் ஒரு பிள்ளை வந்து விளங்கவில்லை என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நாலு சனிக்கிழமை வகுப்பு வைத்தேன். போட்டியாளர் இருவருக்கும், என் வீட்டு மேசையில், என் கரும்பலகையில், மாக்ரெட் சுட்ட பற்றிஸோடு.

மூன்றாவது வகுப்பில்தான் என் அழிவு ஆரம்பித்தது. அன்றைய பாடம், சிப்ஸ் குறைந்தவன் பிழைப்பது எப்படி. போக்கரில் ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர் கார்ட் பார்க்காமலே கொஞ்சம் சிப்ஸ் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளைண்ட், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. முறை சுற்றிச் சுற்றி எல்லோரிடமும் வரும். நேரம் போகப் போக பிளைண்ட் கூடும். ஆகவே சிப்ஸ் குறைந்தவன் நல்ல கார்ட் வரட்டும் என்று காத்திருந்தால் பிளைண்டே அவனைத் தின்றுவிடும். அவன் என்ன செய்ய வேண்டும்? சுற்றில் பிளைண்ட் வைக்காத கடைசி இடத்தில் இருக்கும்போது, மற்றவர்கள் விட்டுவிட்டுப் போய் பிளைண்ட் வைத்த இருவர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, இருக்கிற எல்லாச் சிப்ஸையும் நடுவில் தள்ளிவிட வேண்டும். அந்த இருவரின் கையிலும் அநேகமாகக் குப்பைதான் இருக்கும், பயந்து கார்ட்டை விட்டுவிடுவார்கள். சண்டை இல்லாமல் பிளைண்ட் உமக்கு. இதைத்தான் திருட்டு என்கிறார்கள். யாராவது "பார்க்கிறேன்" என்று சமமாகச் சிப்ஸ் வைத்தால் மட்டும் உம்முடைய கார்ட்டைத் திறந்து காட்ட வேண்டும்.

உதாரணம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "கோல் ரோட்டில பத்து பஸ் வரேக்க குறுக்க பாயக்கூடாது. ரெண்டே ரெண்டு வாகனம் வரேக்க, கையை உயர்த்திக்கொண்டு நேர நடந்தா நிப்பாட்டுவான். நீங்கள் பெரிய ஆள் எண்டு இல்ல, உங்களை இடிச்சுப்போட்டு பொலிசுக்கு அலைய அவனுக்கு விருப்பம் இல்ல," என்றேன். ஹாஷிம் பற்றிஸைக் கடித்துக்கொண்டு, "மாஸ்டர், பிரேக் இல்லாத பஸ் வந்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று பாராட்டினேன். உடனே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கராஜில் மேசை போட்டு, யேசுரட்ணம் கப்பல் தொப்பியோடு நின்று கார்ட் போட்டார். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு சிப்ஸ். ஒரு மணி நேரம் எனக்கு உருப்படியான கார்ட் ஒன்றும் வரவில்லை. வெயில், விசிறி கிடையாது. என் கையில் எண்ணூறு, பெரிய பிளைண்ட் நூறு. அதாவது எட்டே எட்டு பிளைண்ட். என் பாடத்தின்படி திருட்டு நேரம். கடைசி இடம் வந்தது, தள்ளினேன். இருவரும் விட்டார்கள். அடுத்த சுற்றிலும் தள்ளினேன், விட்டார்கள். மூன்றாம் முறையும். ஒரு தரமும் கையில் ஒன்றும் இல்லை மச்சான்! ஆனாலும் திருடியது, என் முறை வரும்போது நான் வைக்க வேண்டிய பிளைண்டுக்கே சரியாகப் போனது. ஓடி ஓடி நின்ற இடத்திலேயே நின்றேன், அதே எட்டு பிளைண்ட். ஆனாலும் மனசுக்குள் மாக்ரெட்டைக் கீழ்வீட்டு வாசலில் கதிரை போட்டு இருத்தியே பார்த்துவிட்டேன்.

நாலாம் முறை என் கையில் ஒன்பதும் நாலும். தள்ளினேன். சின்ன பிளைண்டில் இருந்த ஹாஷிம், "கையில ஒண்ணும் ஈக்கல்ல மாஸ்டர், நான் விட்டுட்டேன்," என்று கார்ட்டைப் போட்டார். பெரிய பிளைண்டில் றேணுகா. அவள் கார்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கையை உயர்த்தினாள். வகுப்பில் உயர்த்துகிற மாதிரியே.

"சேர், மூண்டாவது வகுப்பில சொன்னீங்கள், பத்து பிளைண்டுக்குக் குறைய இருந்தா, கடைசி இடத்தில இருந்து எதை வைச்சும் தள்ளலாம் எண்டு. இப்ப உங்களிட்ட எட்டு. நீங்கள் கடைசி இடம். அப்ப உங்கட கையில நல்ல கார்ட் இருக்கவேண்டிய அவசியம் இல்லைத்தானே?"

பிறெடி, நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது. கூரையைப் பார்த்திருக்கலாம், இருமியிருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை படிப்படியாக, காரணத்தோடு, முழு விடை சொன்னால் என் வாய் என்னைக் கேட்பதில்லை. "வெரி குட்! சரியான விடை. இரும் பிள்ளை," என்றேன்.

யேசுரட்ணத்தின் தொப்பி கழன்று விழுந்தது. ஹாஷிம், "மாஸ்டர், என்னா வேல பாத்தீங்க!" என்று தலையில் கை வைத்தார். றேணுகா, "அப்ப நான் பாக்கிறன் சேர், ஸொறி," என்று சிப்ஸை வைத்தாள். அவளிடம் ராஜாவும் ஆறும். நடுவில் விழுந்த ஐந்து கார்ட்டில் எனக்கு ஒரு ஒன்பது இல்லை, ஒரு நாலு இல்லை. கால் மணி நேரத்தில் ஹாஷிமையும் முடித்துவிட்டாள். வீடு அவளுக்கு. கெட்டித்தனமான பிள்ளை, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மேலே வந்ததும் மாக்ரெட், "என்ன நடந்தது?" என்று கேட்டாள். "பெறுபேறு இன்னும் வெளிவரேல்ல," என்று சொல்லிவிட்டேன். இன்று நாலாவது நாள். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே, றேணுகாவின் சாமான் இறங்குகிறதோ என்று ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஆகவே, நீர் ஞாயிற்றுக்கிழமை வந்து, தம்பி என்ற முறையில் பக்குவமாக அக்காவிடம் சொல்ல வேண்டும். அப்படியே யேசுரட்ணத்தையும் கண்டு, முதலாம் மாடியாவது எப்போது காலியாகும் என்று விசாரியும். இந்த வயதில் நான் வேறு யாரிடம் கேட்பேன்?

நிஷாந்தினிக்கு என் அன்பு. உங்கள் வீட்டின் மேல் தேவ ஆசீர் தங்கட்டும். அது எத்தனையாம் மாடியாக இருந்தாலும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
ஹியூபேட்.

பி.கு.: கடித உறை தேடி உள்ளே போய் வருவதற்குள் மாக்ரெட் இதை முழுக்க வாசித்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஆர் உங்களைக் கீழ வீடு கேக்கச் சொன்னது? இஞ்ச இருந்தா ஹாபர் கப்பலெல்லாம் தெரியுது, காத்து வருது."

"முழங்கால்?"

"முதல் மூண்டு கிழமை உண்மையாவே நொந்தது. பிறகு மாறீற்று."

"பிறகேன் சொல்லேல்ல?"

"நீங்கள் ரிட்டயர் ஆகின நாளில இருந்து குசினிக்குள்ள நிண்டு, வெங்காயத்தை என்ன கோணத்தில வெட்டோணும் எண்டு எனக்குப் படிப்பிச்சீங்கள். முழங்கால் நோகுது எண்டவுடன சந்தைக்குப் போகத் தொடங்கினீங்கள். பத்து மணி வரைக்கும் எனக்கு நிம்மதி."

நான் பொரளைக்கு கிளினிக் போகிற நாட்களில் அவள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறாளாம். ஹாஷிமுக்குத் தெரியும். றேணுகாவுக்குத் தெரியும், ஓட்டோ பிடித்துக் கொடுப்பதே அவள்தான். இந்தக் கட்டடத்தில் தெரியாத ஒரே ஆள் நான். எட்டு மாதமாக மாக்ரெட் கையில் ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் நடுவில் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் ஒரு தரமும் "பார்க்கிறேன்" என்று சொல்லவில்லை.

யேசுரட்ணத்திடம் போக வேண்டாம். ஞாயிறு சாப்பிட மட்டும் வாரும். இன்றைய கறிக்கு மீன் வாங்க என்னை இப்போதே போகச் சொல்கிறாள், முழங்கால் நோகிறதாம். போகிறேன்.