வண்டுக்கு அரைத்த கிரைண்டர்

படித்த படிப்பை வீட்டில் காட்டத் துடிப்பவனைக் கொஞ்ச நாள் கட்டிப்போட்டு வைப்பது நல்லது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் வேளாண்மை படித்துவிட்டுத் தாளவாடி மலையிலிருந்த எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகளைப் புள்ளி வண்டுகள் சல்லடையாக்கிக்கொண்டிருந்தன. எனக்கோ ஒரே குஷி! கடை மருந்தே வேண்டாம், வேப்பங்கொட்டைக் கரைசலிலேயே விரட்டிக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சவால் விட்டேன். கொட்டையை உரலில் இடிக்க வேண்டும். (பட்டதாரி இடிப்பானா?) அம்மா வெளியே போன நேரம் பார்த்துச் சமையலறைக் கிரைண்டரில் கொட்டி ஓடவிட்டேன். ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் வடிகட்டி, சோப்புக் கரைசல் கலந்து செடிகளுக்கு அடித்தேன். கிரைண்டரை மூன்று முறை கழுவினேன், சத்தியமாக!

அன்று மாலை தங்கை கோமதியைப் பெண் பார்க்கச் சென்னிமலையிலிருந்து வந்தார்கள். போட்டோவிலேயே அவளுக்குப் பிடித்துப்போன முதல் வரன். நான் தோட்டத்தில் இருந்தபோது அம்மா அதே கிரைண்டரில் பூரணம் அரைத்து, ஒப்புட்டு என்று நாங்கள் சொல்லும் போளியைச் சுட்டிருந்தார். விருந்தாளிக்கு முன் ருசி பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் கடித்ததும் முகம் கோணியது.

"ஏனுங்க, இதுல என்னத்தப் போட்டிருக்கறீங்க? இப்புடிக் கசக்குது!"

அம்மா பதறிப்போய் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். உடனே என் பக்கம் திரும்பினார். "கண்ணு, கிரைண்டர்ல என்னத்தடா அரைச்சே?"

"வண்டு மருந்துங்கம்மா..."

"மருந்தா!" மாப்பிள்ளையின் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டார்.

"ஐயோ, வெறும் வேப்பங்கொட்டைதானுங்க! வண்டுகூட உடனே சாவாதுங்க. எலையக் கடிக்கப் புடிக்காம ஓடிப்போயிருமுங்க!" என்று பாடமே நடத்தினேன். யார் முகமும் தெளியவில்லை. கதவோரம் நின்ற கோமதி அழுதுவிட்டாள். அவள் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையைக் கவனித்தேன். மனிதர் தலை நிமிராமல் இரண்டாவது ஒப்புட்டைத் தின்றுகொண்டிருந்தார்!

"டேய், உனக்குக் கசக்கலையாடா?" என்றார் அவருடைய அம்மா.

"கசக்குதுங்கம்மா. வெச்சுபோட்டு எந்திரிச்சா, பொண்ணு புடிக்கலைன்னு நெனச்சுக்குவாங்களே!"

எழுந்து நின்ற அவருடைய அப்பாவே சிரித்துவிட்டார். அன்றைக்கே பேசி முடித்தார்கள். வண்டுகளும் ஒரு வாரத்தில் குறைந்தன. அதை யாரும் பாராட்டவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தப் பலகாரம் வைத்தாலும் மாப்பிள்ளை தட்டை என் பக்கம் நகர்த்துவார். "மொதல்ல நீங்க கடிங்க மச்சான்." நான் மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் கோமதி அவருக்குப் பரிமாறுவாள்.