ஃபஸீலாவுக்குக் கொடுக்காத வரைபடம்

ஃபஸீலா நல்லவள் என்பதுதான் அவளிடம் நான் கண்ட ஒரே குறை. (இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது.)

பத்திரிகையில் பதினொரு வருடம் செய்திகளுக்கு வரைபடம் போட்டுவிட்டு, பொரளையில் ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் சேர்ந்தேன். பக்கத்து மேசையில் மாளிகாவத்தை ஃபஸீலா. அவள் அனுப்பும் வரைபடத்தைத் திறப்பவர் அதன் எழுத்தை, நிறத்தை, கோட்டை விரும்பியபடி மாற்றலாம். எல்லோரும் புகழ்ந்தார்கள். என் படங்களை மாற்ற ஒருவரும் கேட்டதில்லை, பார்க்கவே கேட்டதில்லை.

அந்த வருடக் கருத்தரங்கில் பேச நிலையத்தின் பணிப்பாளர் என்னைத் தெரிவுசெய்தார். நன்றாகப் பேசினால் வரைபடப் பிரிவின் பொறுப்பும் எனக்கே என்று அலுவலகத்தில் கதை. விஷயம், கடலோர வெள்ளவத்தையிலும் துறைமுகத்தடிக் கொட்டாஞ்சேனையிலும் காற்றிலுள்ள தூசு; வரைபடத்தில் ஊருக்கு ஒரு கோடு. கருத்தரங்குக்கு முந்தின நாள் ஃபஸீலா வந்தாள்.

"அண்ணன், மாத்தக்கூடிய கோப்பு ஒண்டு தாங்களேன். ஒருக்கா பாத்துத் தாரன்."

ஒரு கோட்டைத் தடிப்பாக்கிவிட்டுப் பாதிப் பெயரை வாங்கப் பார்க்கிறாள் என்று முடிவுசெய்தேன். வெறும் படமாகச் சேமித்து அனுப்பினேன். அதில் எழுத்தும் கோடும் உறைந்துவிடும். யாராலும் அசைக்க முடியாது. பொதுக் கோப்புறையில் இருந்த மூலக் கோப்பையும் அழித்தேன். ('யாராலும்' என்பதில் நானும் அடக்கம் என்பது உறைக்கவில்லை.)

மறுநாள் காலை, மண்டப வாசலில் பணிப்பாளர் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

"ஐசே, நான் வெள்ளவத்தையில இருக்கிறன். கொட்டாஞ்சேனையை விட அங்க தூசு கூடவா?"

இரண்டு கோடுகளுக்கும் பெயரை மாற்றிப் போட்டிருந்தேன்.

"திருத்தலாம்தானே?"

"ஓம் சேர்."

பத்து நிமிடம் இருந்தது. தவறான பெயர்கள் மேல் இரண்டு வெள்ளைப் பெட்டிகளை வைத்து, சரியான பெயர்களைத் தட்டினேன். என் கணினியில் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த எழுத்துரு இல்லாத மண்டபத்துக் கணினியில் பெட்டிகள் பெருத்து, நகர்ந்து, கொட்டாஞ்சேனையின் கோட்டை முழுதாக விழுங்கிவிட்டன. நான் திரையைத் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கை தூக்கினார். "தம்பி, கொட்டாஞ்சேனையில காத்தே இல்லையோ?"

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. இறங்கியதும் ஃபஸீலா ஓடி வந்தாள்.

"அண்ணன், மூலக் கோப்பு இரிக்கா? இப்பவே சரி செஞ்சி தாரன்."

அவள் நக்கலாகக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன்.

"அழிச்சிட்டன்."

இன்று அவள்தான் பிரிவுப் பொறுப்பாளர். என் லீவுக் கடிதத்தில் கையெழுத்திடுபவளும் அவளே. வீட்டில் இந்தக் கதையைச் சொன்னது நான் செய்த அடுத்த பிழை. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று நான் தீர்மானமாக அறிவித்தால், மகள் தாயின் பக்கம் திரும்புவாள்.

"அம்மா, இது மாத்தக்கூடியதா, படமா?"

"படம்தான். கொஞ்சம் பொறு பிள்ளை, அப்பாவே வெள்ளைப் பெட்டியோட வருவார்."