ஷாஃப்டில் தேய்த்த காந்தம்

மட்டாஞ்சேரி,
4.11.1986, செவ்வாய்.

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு மாமா வைத்தீஸ்வரன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதியது. நானும் மாமியும் சௌக்கியம். நீயும் நீ பாடம் சொல்லும் கோயம்புத்தூர் காலேஜும் சௌக்கியமாக இருக்க பகவான் துணை. எங்கள் எண்ணெய் மில்லில் மட்டும் சௌக்கியம் இல்லை. காரணம், அதன் மானேஜராகிய நான்.

ஆகஸ்டில் நீ வந்து கொப்பரை பிழியும் மெஷினில் சுழலும் இரும்பு ஷாஃப்டைச் சுற்றி ஒரு வளையம் மாட்டினாயே, இரும்பு முறுகினால் அதன் காந்த குணம் மாறும், வளையம் தொடாமலே அதைக் கண்டுபிடித்து முறுக்கு எவ்வளவு என்று முள்ளில் காட்டும் என்றாயே, இரண்டு மாதம் அது தங்கமாக வேலை செய்தது. கொப்பரை அளவாகப் போட்டால் நாற்பது. எழுபது தாண்டினால் ஷாஃப்ட் ஒடியும் அபாயம். ஆயுதபூஜைக்கு வளையத்துக்கும் நீ சுவரில் ஒட்டிய குறிப்புத்தாளுக்கும் சந்தனம் வைத்தோம். மறுநாள் எனக்கு ஒரு கவலை: இத்தனை நுட்பமான சாமானுக்குப் பக்கத்தில் இரும்புத்தூள் இருக்கலாமா? கொப்பரையில் கிடக்கும் ஆணியைப் பொறுக்க மில்லில் ஒரு லாடக் காந்தம் உண்டு. அதை எடுத்து, தினம் காலை எட்டு மணிக்கு, சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே ஷாஃப்டை அழுத்தித் தேய்த்தேன். பத்தாம் நாள் முள் எண்பதில் நின்றது.

முதலாளி, கொப்பரை போடும் ஒச்சப்பனைக் கூப்பிட்டார். உசிலம்பட்டிக்காரன், பதினோரு வருஷ ஆள். "அளவாத்தான் போட்டேன் முதலாளி" என்றான். அவர் என்னைப் பார்த்தார். "மெஷின் பொய் சொல்லாது, என் மருமான் பண்ணினது" என்றேன். அந்த வார்த்தையை இப்போ திரும்ப வாங்கிக்க முடியலையேடா! அன்னிக்கே அவனை அனுப்பிட்டார்.

ஆள் மாறியும் முள் இறங்காததால், நேற்று மெஷினைக் காலியாக ஓட்டினோம். ஒரு துண்டு கொப்பரை இல்லை, முள் ஐம்பத்தைந்து. "ஆரா ஸ்வாமீ இப்போ கொப்ர இட்டது?" என்று, இப்போது போட்டது யார் என மலையாளத்தில் கேட்டார் முதலாளி. உன் குறிப்புத்தாளில் சந்தனத்தைச் சுரண்டினேன். நாலாவது வரி: ஷாஃப்ட் அருகே காந்தம் கொண்டுவரக் கூடாது.

ஆகவே, பிழை ஆளிடம் இல்லை, கருவியைக் கெடுத்தது மானேஜர் என்று காலேஜ் தாளில் முதலாளிக்கு எழுது. இங்கிலீஷில் எழுது, நம்புவார். ஒச்சப்பனுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேறு வழி தெரியவில்லை. காமாக்ஷிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு, தலைகுனிந்து,
வைத்தீஸ்வரன் மாமா

பி.கு. உறையை ஒட்டுமுன் சுள்ளிக்கல்லில் ஒச்சப்பன் வீட்டுக்குப் போய் அவனிடம் எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "வீட்டுல பாத்திரத்தையும் காந்தத்தாலதான் வெளக்குவீகளா சாமி?" என்றாள் அவன் பெண்டாட்டி மாடத்தி. அவன் சிரிக்கவில்லை. சாயாவை என் கையில் கொடுத்துவிட்டு, "நெசமாவே அன்னைக்கு ரெண்டு கூடை கூடத்தான் போட்டேன் சாமி. படகு வந்துருச்சு, வெரசாப் போடுறான்னு நீங்கதான நின்னு வெரட்டுனீக? ஒங்க பேரைச் சொன்னா ஒங்களையும்ல அனுப்பிருப்பாரு" என்றான். எண்பதில் காந்தத்துக்கு எவ்வளவு, கூடைக்கு எவ்வளவு என்று உன்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே காலேஜ் கடிதம் வேண்டாம். நாளைக் காலை முதலாளியிடம் நானே சொல்லப்போகிறேன். அங்கே ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு ஏதாவது வேலை இருக்குமா என்று மட்டும் விசாரித்து வை.