ஆறு ஓம் குறைகிறது

மக்கள் சத்தம் போடாமல் வாழ வேண்டும் என்பதை அவர்கள் காதில் நன்றாக விழும்படி சொல்வதற்காக, 2009-ஆம் ஆண்டு மஞ்சக்குப்பத்தில் இரைச்சல் குறைப்பு விழிப்புணர்வு அலுவலகம் திறக்கப்பட்டது. ஒரு ஜீப்பும் கொடுத்தார்கள். அதில் இரண்டு சப்-ஊஃபர் ஸ்பீக்கரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தும்படி ஆணை வந்தது. அப்போதெல்லாம் கடலூரில் கார் வைத்திருந்தவர்கள் டிக்கியில் சப்-ஊஃபரை வைத்துவிட்டுப் பெட்டி படுக்கையை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். அரசு மட்டும் பின்தங்கலாமா?

ஊஃபர்களை ஒரு பிரிவு வாங்கியது. ஆம்ப்ளிஃபயரை இன்னொரு பிரிவு வாங்கியது. இரண்டு பிரிவுகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டையும் பொருத்தும் கோப்பு, பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பாவத்துக்காக இளநிலை உதவியாளர் அனுப்பிரியாவிடம் வந்தது. நாலு பேர் நிற்கும் இடத்தில் நா எழாத பெண். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஒரு மாதம். கண்காணிப்பாளர் கொளஞ்சியப்பன் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வீடு.

சிதம்பரத்தில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருந்த கதிர்வேல், அவள் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஊஃபர் தலைக்கு நாலு ஓம் தடை மேடம். பேரலலாப் போட்டாத்தான் அடி நெஞ்சுல எறங்கும். ஆனா ரெண்டும் சேந்து ரெண்டு ஓமா நிக்கும். இந்த ஆம்ப்பு நாலுக்குக் கீழ தாங்காது, பொகைஞ்சிடும். ரெண்டு ஓம் தாங்குற ஆம்ப்பா வாங்கியாரச் சொல்லுங்க.”

அவள் அதையே அழகான நடையில் கோப்பில் எழுதி வைத்தாள். கொளஞ்சியப்பன் மூன்று தடவை படித்தார்.

“ஏம்மா, ஒரு ஊஃபர் எத்தினி ஓம்?”

“நாலு சார்.”

“அப்ப ரெண்டு ஊஃபர்?”

“பேரலலாப் போட்டா... ரெண்டு சார்.”

“நாலும் நாலும் எட்டு. எங்க ஸ்ரீமுஷ்ணத்துல ஒண்ணாங்கிளாஸ் புள்ள சொல்லும். மீதி ஆறு ஓம் எங்கம்மா போச்சு?”

“எங்கயும் போவல சார். கரண்ட்டு போறதுக்கு ரெண்டு வழி கெடைக்குது. அதனால தடை கொறையுது.”

“ரெண்டு வழி இருந்தா தடை கொறையுமா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் பாத்ததே இல்லியே!”

மறுநாள் குறிப்பாணை வந்தது. அரசுக்குச் சொந்தமான எட்டு ஓமில் ஆறு ஓம் குறைவு ஏற்பட்டது எவ்வாறு என்பதை, இருப்புப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, மூன்று தினங்களுக்குள் விளக்க வேண்டும். அவள் ஓம் விதியை நகலெடுத்து இணைத்துப் பதில் கொடுத்தாள். ‘மேற்படி ஓம் என்பவர் இவ்வலுவலகப் பணியாளர் அல்லர், அவரது விதி இங்கு செல்லாது’ என்று கோப்பு திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் அனுப்பிரியா மறுபடியும் சிதம்பரம் பஸ் ஏறினாள்.

“அண்ணா, எப்பிடியாவது எட்டு வரணும்.”

“சீரீஸ்ல போட்டா எட்டு வந்துரும். ஆம்ப்பும் பத்திரம். அடிதான் பாதியாயிடும்.”

“அடி வேணாம்ணா. எட்டு வந்தாப் போதும்.”

மஞ்சக்குப்பம் மைதானத்தில் தொடக்க விழா. சென்னையிலிருந்து இயக்குநர் வந்து சுவிட்சைப் போட்டார். தெருவே அதிர வேண்டிய ஜீப்பிலிருந்து, நாலு வீடு தள்ளி யாரோ பாய் தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. கொளஞ்சியப்பனுக்கு வேர்த்துவிட்டது.

“அபாரம்!” என்றார் இயக்குநர். “இரைச்சல் குறைப்பு வண்டி, இரைச்சலே இல்லாமல்! இதுவல்லவா முன்மாதிரி!”

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது: ‘எட்டு ஓம் அரசு வாகனம்’. கொளஞ்சியப்பன் அன்றே அனுப்பிரியாவின் தாளில் கையெழுத்துப் போட்டார்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் படத்தை ஊரே பார்த்துவிட்டது. கவர்மெண்டே எட்டு போட்டிருக்கிறது, நாலைவிட எட்டு ஜாஸ்திதானே என்று கார்க்காரர்கள் கதிர்வேல் கடையில் வரிசை கட்டினார்கள். எல்லோருக்கும் சத்தம் பாதியானது. ‘சத்தம் கொறைஞ்சுபோச்சு’ என்று சொன்னால் தன் காதுக்கு நயம் தெரியாது என்று ஆகிவிடுமே! “க்ளாரிட்டி, மச்சான்” என்று சொல்லிக்கொண்டார்கள். ஐந்தே மாதத்தில் கடலூரும் சிதம்பரமும் அமைதியாகிவிட்டன.

சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ‘இரைச்சல் குறித்துப் புகார்களே வராத நிலையில், தங்கள் அலுவலகம் ஏன் தேவை என்பதை மூன்று தினங்களுக்குள் விளக்குக.’

“எனக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்கும்மா,” என்றார் கொளஞ்சியப்பன். “உனக்கு முப்பத்தஞ்சு வருஷம்.”

அனுப்பிரியா விளக்கம் எழுதவில்லை. பஸ் ஏறினாள். கதிர்வேல் கடையில் ஐந்து கார் நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், அன்று ஐந்து பேர் முன்னால் சத்தமாகச் சொன்னாள்:

“அண்ணா, இன்னுமா எட்டு மாட்டுறீங்க? அது பழசாச்சே! வெளிநாட்டுல இப்ப எல்லாம் ரெண்டுதான்.”

பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் திடுக்கிட்டார். “துபாய்ல இருக்குற எங்க மச்சான் ஒரு வார்த்த சொல்லலியே! தம்பி, எனக்கு மொதல்ல ரெண்டு போடுப்பா!”

கதிர்வேல் அனுப்பிரியாவைப் பார்த்தார். மேல் தட்டிலிருந்து ரெண்டு ஓம் தாங்கும் ஆம்ப்ளிஃபயர்களைத் தூசி தட்டி இறக்கினார்.

அடுத்த மாதம் அலுவலகத்துக்கு நாற்பத்து மூன்று புகார்கள் வந்தன. கொளஞ்சியப்பன் எல்லோருக்கும் லட்டு வாங்கித் தந்தார். முதல் புகார், ராத்தூக்கம் போய்விட்டது, ஜன்னல் கண்ணாடி இரண்டு விழுந்துவிட்டது என்று சௌந்தரம் என்பவர் எழுதியது. அனுப்பிரியாவின் அம்மா.

அனுப்பிரியா அதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் எழுதி, வீட்டு விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தாள்.