கருவின் குரல் கேட்கும் நாய்

ராஜபாளையத்தில் சோலைராஜ் வைத்திருந்த வெள்ளை நாய்க்கு, வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை பேசுவது கேட்கும். எந்த ஆஸ்பத்திரியில் பிறக்க விருப்பம் என்று குழந்தை நாயிடம் சொல்லும். நாய் நம்மிடம் சொல்லும். இடையில் சோலைராஜ் காணிக்கைத் தட்டை நீட்டுவார்.

இதை நம்பாதவர்களும் ஊரில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் கர்ப்பிணிகள் இருக்கவில்லை.

கான்சாபுரத்திலிருந்து வேன் வரும். மகாராஜபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ வரும். ஸ்கேன் கவரை மார்போடு அணைத்தபடி மாமியார்கள் இறங்குவார்கள். நாயின் பட்டம் 'ஞானச்செவி'. பட்டத்தைக் கொடுத்தவர் சோலைராஜ். பிளெக்ஸ் அடித்தவரும் அவரே. மூன்று மாதத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு குழந்தை பேசாதாம். மூன்று மாதம் கழித்து வருகிறவர்கள் ஏதாவதொரு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருப்பார்கள் என்பதற்கும், சரியாக அப்போது குழந்தைக்குத் தொண்டை கட்டுவதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு தகரக் கொட்டகை. நடுவில் நாற்காலி, அதில் கர்ப்பிணி. சுவரோரம் மூன்று பலகைகள். மஞ்சள் பலகை, ஊரிலிருந்த ஒரு நர்சிங் ஹோம். நீலம், இன்னொரு நர்சிங் ஹோம். சிவப்பு, அரசு ஆஸ்பத்திரி. நாய் வந்து வயிற்றருகே காதைச் சாய்க்கும். நிமிர்ந்து சோலைராஜைப் பார்க்கும். அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொள்வார். பிறகு நடந்துபோய் ஒரு பலகை முன்னால் உட்காரும். கழுத்தில் சங்கிலி போட்ட தாய்மார்களின் குழந்தைகள் பெரும்பாலும் மஞ்சளை விரும்பின. மஞ்சள் கயிறு மட்டும் போட்டவர்களின் குழந்தைகள் சிவப்பை விரும்பின. நீலத்தை எந்தக் குழந்தையும் விரும்பியதாக எனக்கு நினைவில்லை. கருவிலேயே பிள்ளைகளுக்கு வசதி தெரிகிறதே என்று கூட்டம் வியந்தது.

எங்கள் கிறிஸ்தவ சபையில் முதலில் தயக்கம் இருந்தது. விக்கிரகம் இல்லை, விபூதி இல்லை, வெறும் நாய்தான் என்று தெரிந்ததும், இது பாவக் கணக்கில் சேராது என்று முடிவாயிற்று. சீவில்லிபுத்தூரிலிருந்து மகள் ஹம்ஸாவோடு வந்த ஸுந்தரராஜனுக்கு வேறு சங்கடம். அவர்கள் பெருமாள் குடும்பம். நாயோ பைரவர் வாகனம். நிறம் பால்போல் இருப்பதால் பரவாயில்லை என்று அவரே தீர்த்துக்கொண்டார். இத்தனை மதத்தாரும் இடித்துக்கொள்ளாமல் ஒரே வரிசையில் நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் மனைவி வின்சியின் குழந்தையும் மஞ்சளைத்தான் விரும்பியது. நான் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தேன். அவளை அவள் அம்மா ஞானரத்தினம், என் அத்தை, கொட்டகைக்கு அழைத்துப் போயிருந்தார். பிரசவம் அந்த நர்சிங் ஹோமில் நடந்தது. குழந்தை நன்றாகப் பிறந்தது. பிறகு வின்சிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. அங்கே ஏற்ற ரத்தம் இல்லை. அறுவை செய்யும் டாக்டர் காலையில்தான் வருவார். மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வின்சி மதுரைக்குப் போய்ச் சேரவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் அத்தை சோலைராஜிடம் போய்க் கேட்டார். அவர் அமைதியாகப் பதில் சொன்னார்.

"குழந்தை தனக்கு எது நல்லதோ அதைத்தான் சொல்லும்மா. பேத்தி நல்லாத்தான இருக்கா? தாய்க்கு எது நல்லதுன்னு நாம கேக்கலியே."

அத்தை அதை ஏற்றுக்கொண்டார். ஏற்காவிட்டால், மகளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைவிட நாய் அவருக்கு எளிதாக இருந்தது.

நாலு வருஷம் கழித்து வின்சியின் தங்கை எலினாவுக்கு இரண்டாம் மாதம். அத்தை மறுபடி கொட்டகைக்குக் கிளம்பினார். எலினா மறுக்கவில்லை. "பென்சன் அத்தானும் கூட வரட்டும்" என்று என் பேரைச் சொன்னாள். போனோம்.

வரிசையில் நிற்கும்போது பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டில் சரவெடி போட்டார்கள். கொட்டகையே துள்ளியது. ஒரு குழந்தை வீறிட்டது. ஞானச்செவி, வாலைச் சுருட்டிப் படுத்தபடி, தூக்கத்திலிருந்து இமையைக்கூடத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா அத்தான்?" என்றாள் எலினா.

பார்த்தேன். எங்கள் ஊர் வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகவே பிறக்கும். அதனால் குட்டி வாங்கப் போகிறவர்கள், அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். நாய் வாங்கும்போது கையைத் தட்டுகிற ஊர், ஆஸ்பத்திரி தேடும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

எலினாவின் முறை வந்தது. அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, இவனுக்குக் காது நல்லாக் கேக்குமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? வயித்துக்குள்ள கடுகம்புட்டு உசுரு மொனங்குறதே கேக்குது."

எலினா நாய்க்குப் பின்னால் போய் நின்றாள். ஓங்கிக் கைதட்டினாள். வரிசையில் மகளோடு நின்ற ஸுந்தரராஜன் திடுக்கிட்டுத் திரும்பினார். நாய் திரும்பவில்லை. அது சோலைராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தட்டினாள். அப்போதும் இல்லை.

"ஏலே, இது செவிட்டு நாய்லே!" என்றது வரிசையில் ஒரு குரல்.

சோலைராஜ் சிரித்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்தச் சிரிப்பில்தான்.

"செவிடுதான். யாரு இல்லைன்னா? வெளிச்சத்தத்தை அடைச்சுட்டுத்தான ஆண்டவன் உள்சத்தத்தைத் திறந்துவிட்டிருக்கான்!"

"ஆகா" என்றது கூட்டம். ஒரு பெண்மணி குனிந்து நாயின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் உள்ளே வரும்போது ஒரு அற்புதம் வைத்திருந்த நாய்க்கு இப்போது இரண்டு.

"ஏட்டி, உக்காருட்டி. மானத்தை வாங்காத" என்றார் அத்தை.

"உக்காருதேம்மா. ஆனா பேசப்போறது என் புள்ளையும் நாயும். நடுவுல அண்ணாச்சி எதுக்கு? செத்த நேரம் வெளிய நிக்கட்டும்."

"நான் பக்கத்துல இல்லாம அவன் சொல்ல மாட்டாம்மா."

"ஏன், எம்புள்ள உங்ககிட்டயா பேசுது?"

ஸுந்தரராஜன் தொண்டையைச் செருமினார். "பொண்ணு நியாயமாத்தானே கேக்கறா. செத்த வெளில நில்லுமே ஓய்."

வரிசையும் அதையே சொன்னது. சோலைராஜ் நகர்ந்தார்.

"அந்தத் துண்டைக் குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. வேர்க்குது" என்றாள் எலினா. தோளில் கிடந்த பச்சைத் துண்டைத் தருவதா வேண்டாமா என்று அவர் யோசித்தார். அத்தனை பேர் பார்க்கும்போது, கர்ப்பிணி முகம் துடைக்கக் கேட்ட துண்டை எப்படி மறுப்பது? கொடுத்தார்.

எலினா உட்கார்ந்தாள். நாய் வயிற்றருகே காதைச் சாய்த்தது. நிமிர்ந்தது. சோலைராஜ் இருக்கும் இடத்தைப் பார்த்தது. அங்கே காற்றுதான் இருந்தது. சற்று யோசித்தது. பிறகு மூன்று பலகைகளையும் கடந்து, வாசலைக் கடந்து, ரோட்டைக் கடந்து, எதிரே மாரிக்கனியின் கறிக்கடை முன்னால் போய் உட்கார்ந்தது.

எலினாவின் பிள்ளைக்கு அங்கே பிறக்கத்தான் விருப்பம்.

"என்னப்பா, பிரசவம் இங்கயா?" என்று மாரிக்கனி கத்தியைக் கீழே வைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் நாயைப் பிடித்து வந்தார்கள். எலினா எழுந்து, சோலைராஜ் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். துண்டை வலது தோளில் போட்டாள். நாய் போய் மஞ்சள் முன்னால் உட்கார்ந்தது. இடது தோளுக்கு மாற்றினாள். எழுந்து சிவப்புக்குப் போனது. மறுபடி வலது. மறுபடி மஞ்சள். சொன்னதைச் செய்யும் நல்ல நாய்.

"எம்புள்ள ஒரு நிமிசத்துல எத்தனை தடவ மனசு மாறுதான் பாருங்க" என்றாள் எலினா.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வரிசை கலைந்து சோலைராஜைச் சுற்றி நின்றது. ஆளாளுக்குக் கத்தினார்கள். சத்தத்துக்குள் அத்தை புகுந்து போய் அவர் முன்னால் நின்றார்.

"எங்க வின்சிக்கு எந்தத் தோளு?"

சோலைராஜின் கை தானாக எழுந்து வலது தோளைத் தடவியது. துண்டு அங்கே இல்லை.

மஞ்சள் பலகைக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுத்துவந்தது பிறகு போலீஸ் விசாரணையில் தெரிந்தது. நர்சிங் ஹோமும் பூட்டப்பட்டது. நாயை மாரிக்கனி வைத்துக்கொண்டார். அதன்மேல் யாருக்கும் வருத்தமில்லை. கொட்டகையில் யாரையும் ஏமாற்றாத ஒரே ஜீவன் அதுதான்.

கொட்டகை கலைந்த அன்று மாலையே சீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலினா நர்ஸிடம் கேட்டாள்: "ராத்திரி எனக்கு ரத்தம் போச்சுன்னா என்ன செய்வீங்க?" அந்த அம்மா கோபிக்கவில்லை. ரத்தம் வைத்திருக்கும் இடத்தையும், இரவில் எந்த டாக்டர் இருப்பார் என்பதையும் சொன்னார். நாங்கள் எழுந்தோம். அத்தை எழவில்லை.

"கரண்டு போனா அந்த ரத்தப் பெட்டி ஓடுமா?" என்று கேட்டார். பிறகு இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அத்தை அழுதுகொண்டே கேட்டார், ஆனால் நிறுத்தவில்லை.

எலினாவுக்கு ஆண் குழந்தை. அக்காவுக்குப் போனதுபோலவே அவளுக்கும் ரத்தம் போனது. ஏற்றினார்கள். நின்றது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

சோலைராஜின் கொட்டகை இருந்த இடத்துக்கு இன்னும் வேன் வருகிறது. வேறு ஊரில் ஒரு கிளி இருக்கிறதாம், விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் போய், இங்கே ராத்திரி என் மகள் உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் சொன்னால் பதிந்துகொள்ளுங்கள். கோபித்தால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு நடங்கள். கிளிக்கும் நாய்க்கும் வேறு வேலை இருக்கிறது. யோசிக்கிற வேலை உங்களுடையது.